குரூப் 4 படிப்பவர்களுக்கு: மனசு ஒட்டும் வழி

குரூப் 4 எழுதப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் பாடத்திட்டம் பற்றி அதிகம் கேட்பதில்லை. “புத்தகத்தைத் திறந்தா மனசு ஒட்ட மாட்டேங்குதுக்கா” என்பதுதான் முதல் பேச்சு.

எந்த வேலையில் உங்கள் மனசு தானாக ஒட்டுகிறது என்று முதலில் பாருங்கள். எனக்கு அது சிக்குக் கோலம். 13 புள்ளி, 7 வரை ஊடு புள்ளி. ஒரு வளைவு தப்பினாலும் இழை புறப்பட்ட இடத்துக்கு வந்து சேராது. அழித்துப் போட வேண்டியதுதான். முடித்து நிமிரும்போது முதுகு வலிக்கும், மனசு லேசாகியிருக்கும். எங்கள் திருவாரூர்ப் பக்கத்து நடவு வயலிலும் இதைப் பார்க்கலாம். பின்னால் நகர்ந்துகொண்டே நடுவதால், நட்ட வரிசை கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். கோணினால் பக்கத்தில் நடுகிற அக்கா சத்தம் போட்டுவிடுவார்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாய் (1934–2021) என்ற உளவியலாளர் இந்த நிலைக்கு ‘ஃப்ளோ’ என்று பெயர் வைத்தார். மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், அறுவை சிகிச்சை மருத்துவர்கள் எனப் பலரை ஆராய்ந்தவர். (நடவுக்காரர்களையும் கேட்டிருக்கலாம்.) செய்யவேண்டியது தெளிவாக இருக்க வேண்டும், சரியா தப்பா என்பது உடனே தெரிய வேண்டும், நம் திறமைக்குச் சற்றே சவாலாகவும் இருக்க வேண்டும் என்கிறார். ரொம்ப எளிதென்றால் அலுப்பு. ரொம்பக் கடினமென்றால் பதற்றம்.

பக்கம் பக்கமாக வாசிப்பதில் இது எதுவுமே இல்லை. அதனால் 25 திறனறி வினாக்கள் வரும் கணக்குப் பகுதியில் தொடங்குங்கள். தனிவட்டி சரளமாக வந்துவிட்டதா, கூட்டுவட்டிக்குப் போங்கள். அங்கே திணறினால் ஒரு படி இறங்குங்கள். வரலாறு என்றால் ஒரு தலைப்பை முடித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் நிற்பதை எழுதி, உடனே ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாத்திரம் தேய்க்கும்போதும் காதில் பாடம் ஓடட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். அந்த நேரம் பாத்திரத்துக்கே இருக்கட்டும். தேர்வுப் பயம் எனக்குக் குறைந்தது அப்படித்தான்.

அப்புறம், எதுவுமே ஓடாத நாளுக்கு ஒன்று: கேள்வி வருகிறதோ இல்லையோ, ஒரு குறளை எடுத்து, சீர்களை அசை பிரித்து அலகிடுங்கள். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். முடியவில்லையென்றால் எங்கேயோ அசை பிரித்தது தப்பு, தேடிப் பிடியுங்கள்.