அதிகாரி நிலைப்பாரா: கேஸ் ஸ்டடியில் மார்க் போகிற இடம்

ரிசல்ட் வந்தாயிற்று. அடுத்த செமஸ்டரில் ஹெச்ஆர் அனலிட்டிக்ஸ் (பணியாளர் டேட்டா ஆய்வு) எடுப்பவர்களுக்கு, புது ராணுவ அதிகாரி பணியில் நிலைப்பாரா என்று கணிக்கும் கேஸ் ஸ்டடிக்கு மட்டும் இது. ரிக்ரெஷன் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்க் போவது மாடலில் அல்ல, பாண்டில், அதாவது கட்டாயப் பணிக்காலத்தில். அமெரிக்க டேட்டா என்றால், வெஸ்ட் பாயின்ட் (ராணுவ அகாடமி) பட்டதாரி 5 ஆண்டு முழுநேரப் பணி செய்தே ஆகவேண்டும். விமானப்படை பைலட் பயிற்சி முடிந்தபின் 10. 2019 மே மாதம் வெஸ்ட் பாயின்ட்டில் முடித்தவருக்கு 2023 டிசம்பரோடு 55 மாதம்தான். டேட்டா அங்கே முடிகிறது என்றால் அவருக்கு எதிரே 'நிலைத்தார், 1' என்று போடாதீர்கள். விலகும் உரிமையே இன்னும் வரவில்லையே! அவர் சென்சார்டு, அதாவது முடிவு இன்னும் தெரியாதவர். அதனால் ஆம்/இல்லை என்று மட்டும் கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனை விட்டுவிட்டு, எவ்வளவு காலத்தில் விலகுகிறார் என்று பார்க்கும் சர்வைவல் அனாலிசிஸுக்குப் போங்கள்.

அதில் வழக்கமாகப் பயன்படும் காக்ஸ் மாடலைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் அடி விழும். 60ஆம் மாதம் வரை விலகல் சொற்பம், பிறகு சட்டென்று எகிறும். பாண்ட் நீளம் ஆளுக்கு ஆள் வேறு. எனவே பாண்ட் முடிந்த நாளையே பூஜ்யமாக வையுங்கள். அதற்கு முன்பே போனவர்களைத் தனியாகக் காட்டவேண்டும்.

மற்றவை சுருக்கமாக:
- பதவியேற்ற அன்று தெரிந்த தகவல் மட்டும். 'கேப்டன் ஆனாரா' என்ற நெடுவரிசையைச் சேர்த்தால் மாடல் பிரமாதமாகத் தெரியும். சீக்கிரம் போனவர் கேப்டனாகவே முடியாது என்பதுதான் காரணம்.
- டெஸ்ட் டேட்டாவைக் கலைத்துப் பிரிக்காமல் ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். பழைய பேட்ச்சில் பயிற்சி, புது பேட்ச்சில் சோதனை.
- 100 பேரில் 70 பேர் நிலைத்தால், எல்லோரும் நிலைப்பார்கள் என்று சொல்லும் மண்டு மாடலுக்கும் 70% கிடைக்கும். யார் முதலில் விலகுவார் என்ற வரிசையை மாடல் சரியாகச் சொல்கிறதா என்று அளக்கும் சி-இண்டெக்ஸோடு, கணித்த விகிதமும் நடந்த விகிதமும் ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் காலிபரேஷன் படமும் வேண்டும்.

'சிங்கப்பூருக்குப் பொருத்துக' என்று கடைசியில் ஒரு உட்கேள்வி வரும். 2 ஆண்டு தேசிய சேவையில் அதிகாரியானவர் ஓஆர்டி (சேவைக்காலம் முடிந்து விடுவிப்பு) வாங்கிப் போவது விலகல் ஆகாது. அதிகாரிகளுக்கு 50 வயதுவரை ரிசர்விஸ்ட் (அழைத்தால் வந்து பணி செய்யும்) கடமையும் உண்டு. ரெகுலராக, அதாவது ராணுவத்தையே தொழிலாக ஏற்று, கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பிறகு கணக்கைத் தொடங்குங்கள். இந்த வடிகட்டலை ஒரே வரியில் எழுதிவிட்டு நகராதீர்கள். எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள் என்ற எண்ணையும் போடுங்கள், திருத்துபவர் தேடுவது அதைத்தான்.