பாளையங்கோட்டை வண்டி, செட்டிப்பாளையம் டிராக்: இதுவரை செய்து பார்த்தவை

வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. 2017 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), இழுப்பதெல்லாம் முன்சக்கரம். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அம்பாசமுத்திரம் கூட்டிப்போவதும் இதே வண்டிதான். டிராக் நாள், அதாவது சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்ட விடும் நாள், அறிவிப்பு வந்தால் இதையே ஓட்டிக்கொண்டு கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகிறேன். நாள் முழுக்க ஓட்டிவிட்டு அதே டயரில் ஊர் திரும்புகிறேன். போக மட்டும் சுமார் 350 கிலோமீட்டர். டிரெய்லர் கிடையாது, மாற்று வண்டி கிடையாது. நான் செய்த ஒவ்வொரு மாற்றமும் இந்த ஒரு நிபந்தனைக்கு உட்பட்டதுதான்: போன வண்டி பத்திரமாகத் திரும்பி வர வேண்டும்.

இவ்வளவு தூரம் எதற்கு, நாற்கரச் சாலை வீட்டு வாசலிலேயே இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்பார்கள். கயத்தாறுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே ஆட்டுமந்தை சென்டர் மீடியனைத் தாண்டுவதை ஒருமுறை பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார். கங்கைகொண்டான் பக்கம் எதிர்த்திசையில் டிவிஎஸ் 50 வரும். வேறொருவர் உயிரைப் பணயம் வைத்து எனக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாம். டிராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், திருப்பத்துக்குத் திருப்பம் கொடியோடு மார்ஷல் நிற்கிறார், ஆம்புலன்ஸ் தயாராக இருக்கிறது. வேகம் போக வேண்டிய இடம் அதுதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கரி டிராக்கின் நீளம் 2.1 கிலோமீட்டர். சென்னை அருகே சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்து ஓட்டுநரும், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கியவருமான கரிவரதனின் பெயர்தான் அதற்கு. அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். சாதாரண எஞ்சினை வைத்துக்கொண்டு சாமானியரையும் ரேஸ் ஓட்ட வைக்கலாம் என்று காட்டிய மனிதர். அந்தப் பெயருள்ள இடத்தில் வீட்டுக் காரை ஓட்டுவது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

முதலில் வண்டியில் எதையும் மாற்றாமல்தான் போனேன். எஞ்சின் ஆயில் புதிது, டயர் நல்ல நிலை, பிரேக் பேட் பாதிக்கு மேல் இருந்தது. காலையில் விதிமுறை வகுப்பு நடக்கும். மஞ்சள் கொடி என்றால் வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் மெதுவாக பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு, வா. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி, வழி விடு. ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூ கட்டாயம். புதியவர்கள் தனிக் குழு. முந்துவது நேர்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டிய பிறகு.

காலை செஷன்கள் நன்றாகப் போயின. மதியத்துக்கு மேல் ஒரு செஷனில், நேர்பாதை முடிந்து பிரேக்கை மிதித்தால் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போய்த்தான் பிடித்தது. வண்டி நின்றது, ஆனால் காலடியில் ஒரு கொழகொழப்பு. அடுத்த திருப்பத்தில் இன்னும் கொஞ்சம் கீழே. அந்தச் சுற்றை பிரேக்கே தொடாத அளவுக்கு மெதுவாக முடித்து பிட்டுக்கு வந்தேன். அரை மணி நேரம் நின்றதும் பெடல் பழையபடி ஆகிவிட்டது.

இது ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நானும் வண்டியும் சேர்ந்து ஏறத்தாழ 1,500 கிலோ. 140 கிலோமீட்டர் வேகத்தை 70-க்குக் கொண்டுவர பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் எட்டரை லட்சம் ஜூல். கிட்டத்தட்ட மூன்று லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சூடு அது. ஒரே ஒரு பிரேக்குக்கு, சில விநாடிகளில். அதில் பெரும்பங்கு முன்சக்கர டிஸ்க்குக்குத்தான் போகிறது. ஆறுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். வண்ணார்பேட்டை சிக்னலில் 40-இலிருந்து நிறுத்தும் பிரேக்குக்கு இது அன்றாட வேலை இல்லை. அது போதாதென்று, இந்த வண்டியில் எக்ஸ்டிஎஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. திருப்பத்தில் உள்பக்க முன்சக்கரம் வீணாகச் சுற்றாமல் இருக்க அது தானே அந்தச் சக்கரத்தில் மட்டும் லேசாக பிரேக் பிடிக்கும். திருப்பத்தில் வண்டி உள்ளே மடங்கி வருவது அருமையாக இருக்கும், ஆனால் அந்தச் சூடும் அதே பேடில்தான் ஏறுகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. பெடல் கொழகொழவென்று கீழே போனால் கொதித்தது பிரேக் ஆயில். ஆயிலுக்குள் ஆவிக் குமிழி வந்துவிட்டது. ஆயிலை அழுத்தினால் சுருங்காது, குமிழி சுருங்கும், அதனால்தான் கால் கீழே போகிறது. பெடல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் சிக்கல் பேடில். அதன் கலவை தாங்கும் சூட்டைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. எனக்கு வந்தது முதலாவது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு தரவிதி கேட்பதே 155 டிகிரிதான். டாட் 5.1-க்கு இதுவே 260, 180. நான் வாங்கியது மோட்டுல் ஆர்பிஎஃப் 600. புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை 312 டிகிரி. எஞ்சினுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் இந்த ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆயில் மாற்றியது மேலப்பாளையத்தில் எங்கள் பழைய மெக்கானிக் அண்ணாச்சியிடம். அவருக்கு டிராக் எல்லாம் பழக்கமில்லை, ஆனால் பிரேக்கில் ஏர் எடுப்பதில் அவர் கை சுத்தம். நான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, அவர் கீழே நிப்பிளை, அதாவது சக்கரத்தருகே ஆயிலை வெளியே விடும் திருகை, திறப்பார். உள்ளே தெரியும் டியூபின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை பழைய தண்ணீர் பாட்டிலில். "மிதிங்க தம்பி... பிடிச்சுக்கிடுங்க... விடாதீங்க." நிப்பிளை மூடிய பிறகுதான் "ம், விடுங்க" என்பார். முதலில் பின் இடது, அப்புறம் பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. பின் இடதில் வந்த ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. முன் சக்கரத்தில் அதோடு பொடிக் குமிழிகளும் சரம்சரமாக வந்தன. அண்ணாச்சி டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை வச்சுக்கிட்டா தம்பி அங்க வெரசாப் போனீங்க?" என்று மட்டும் கேட்டார். தெளிந்த ஆயில் வரும்வரை ஒவ்வொரு சக்கரத்திலும் விடாமல் எடுத்தோம். முடிந்ததும் அவரே ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்துவிட்டு, "இப்பம் பிடிச்ச இடத்துலயே நிக்கி" என்றார்.

ஒரு எச்சரிக்கை. கொதிநிலை அதிகம் என்பதால் இந்த ஆயிலை இரண்டு வருடம் விட்டுவைக்கக் கூடாது. ஈரம் இதிலும் ஏறும். டிராக் நாளுக்கு முன் புது ஆயில் என்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன்.

அடுத்து பேட். முன்சக்கரத்துக்கு மட்டும் சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான வகையைப் போட்டேன். முழு ரேஸ் பேட் வேண்டாம் என்று ஒதுக்கினேன். குளிர்ந்த நிலையில் அது சரியாகப் பிடிக்காது, காலையில் பள்ளிக்கூட வாசலில் அந்தப் பரிசோதனை தேவையில்லை. புது பேடை டிஸ்க்கில் பதிய வைக்க வேண்டும்: மிதமான அழுத்தத்தில் பலமுறை வேகத்தைக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், அப்புறம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விட வேண்டும். அதற்கு ஊர்ச் சாலையைத் தேடாமல், டிராக்கில் முதல் செஷனையே ஒதுக்கினேன். ஊருக்குள் மெதுவாக நிறுத்தும்போது இந்த பேட் கீச்சென்று கத்தும். ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பரவாயில்லை.

செஷன் முடியும்போது கடைசிச் சுற்றை பிரேக்கே பிடிக்காமல் மெதுவாக ஓட்டி டிஸ்க்குக்குக் காற்றுப் பட விட வேண்டும். பிட்டில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. சூட்டில் பேட் டிஸ்க்கோடு அழுந்தி நின்றால் அந்த இடத்தில் மட்டும் படிவு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டியரிங் அதிரும். கியரை பார்க்கில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

டயரில் காற்று அழுத்தம் தனிக் கலை. ஊரில் 33 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறேன். டயர் ஐந்தாறு டிகிரி சூடாக ஆக அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ ஏறும். காலையில் 30-இல் தொடங்கினால் செஷன் முடிவில் 37 காட்டுகிறது. அதைச் சூட்டிலேயே 34-க்கு இறக்கி வைத்தால் முன்பக்கப் பிடிப்பு நன்றாக இருக்கிறது. பிள்ளைகளின் வெள்ளை ஷூ பாலிஷை எடுத்துப்போய், டயரின் பக்கச்சுவரிலிருந்து மேல் பட்டை வரை மூன்று இடத்தில் கோடு போட்டேன். தோளில் இருக்கும் சின்ன முக்கோண அடையாளம் வரை பாலிஷ் அழிந்தால் சரியான அளவு. அதையும் தாண்டி கீழே அழிந்தால் டயர் மடங்குகிறது, கொஞ்சம் ஏற்ற வேண்டும். மாலையில் கிளம்பும் முன் இதை மறக்கவே கூடாது: சூட்டில் 34 என்று இறக்கிய டயர், ஆறியதும் 28 பக்கம் வந்து நிற்கும். அதே அழுத்தத்தில் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று இரவில் ஓட்டி வருவது ஆபத்து. டிக்கியில் 12 வோல்ட் கம்ப்ரஸர் வைத்திருக்கிறேன், 33-க்கு ஏற்றிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவது. வீல் போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்குச் சரிபார்த்துவிடுவேன்.

இத்தனை சாமானும் சேர்ந்து கொடுத்தது, நாள் முழுக்க ஒரே மாதிரி நிற்கும் பெடல். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் குறைந்தது வேறொன்றால். ஒரு செஷனில் பக்கத்தில் உட்கார்ந்த பயிற்சியாளர் சொன்னார்: "மிதிக்கிறதை எல்லாரும் மிதிச்சுருவாங்க சார். விடறது எப்படின்னு பாருங்க." திருப்பத்துக்குள் நுழையும்போது நான் பிரேக்கைச் சட்டென்று விட்டுவிடுகிறேன். முன்சக்கரத்தில் இருந்த பாரம் ஒரேயடியாகப் பின்னால் போய்விடுகிறது, திருப்ப வேண்டிய டயருக்கே பிடிப்பு குறைகிறது. ஸ்டியரிங்கை வளைக்க வளைக்க அதே அளவில் காலைத் தளர்த்தினால் வண்டியின் மூக்கு தானாக உள்ளே வருகிறது. கண்ணும் அதுபோலத்தான். பிரேக் பிடிக்கும் இடத்துக்கு வருமுன்பே பார்வை திருப்பத்தின் உள்முனைக்கும், உள்முனைக்கு வருமுன்பே வெளியேறும் இடத்துக்கும் போய்விட வேண்டும்.

இதைப் பழக டிராக் தேவையில்லை என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் வரை எத்தனை சிக்னல், அத்தனை பயிற்சி. 40 கிலோமீட்டர் வேகம் போதும். வண்டி நிற்கும் கடைசி நொடியில் பக்கத்தில் இருப்பவர் தலை முன்னும் பின்னும் ஆடாமல் நிறுத்த வேண்டும். முன்னிருக்கையில் அம்மா வந்தால் அவர்தான் நடுவர். "இன்னைக்கு அலுங்காம வந்துட்ட" என்று அவர் சொன்ன வாரம், செட்டிப்பாளையத்தில் போனில் இருக்கும் லேப் டைமர் முந்தைய முறையைவிட மூன்று விநாடிக்கு மேல் குறைத்துக் காட்டியது. பேடும் ஆயிலும் அதே வகைதான்.

எஞ்சினை ரீமேப் செய்ய, அதாவது அதன் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றிச் சக்தியைக் கூட்ட, சொல்லிக் கேட்காத ஆள் இல்லை. இப்போதைக்கு இல்லை. வேகம் கூடினால் பிரேக்கில் ஏறும் சூடு வேகத்தின் இருமடிக் கணக்கில் கூடும். 140-க்குப் பதில் 154 போனால் பத்து சதவீதம்தான் அதிகம், ஆனால் வண்டியில் இருக்கும் ஆற்றல் 21 சதவீதம் அதிகம். அதை வாங்கிக்கொள்ளப் போவது அதே டிஸ்க்தான்.

இன்சூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு வழக்கமான மோட்டார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கப்பட்டவை. டிராக்கில் அடிபட்டால் செலவு நம் பையிலிருந்துதான் என்று எண்ணிக்கொண்டுதான் கேட்டுக்குள் நுழைய வேண்டும். நான் சுவரோ தடுப்போ அருகில் இருக்கும் திருப்பங்களில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் ஓட்டுகிறேன், வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்சியையும் நிறுத்துவதில்லை.

அடுத்த இலக்கு சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை. அங்கே டிராக் 3.7 கிலோமீட்டர், கரியைவிட வேகம் கூடிய இடம், பிரேக்குக்கு இன்னும் கடுமையான பரீட்சை. முன் டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். போன வாரம் மைக்ரோமீட்டர் வைத்து அளந்ததில் அந்த அளவை நெருங்கிவிட்டது. ஊர் ஓட்டத்துக்கு இன்னும் சில மாதம் வரும், சென்னைக்கு இதை நம்பிப் போக முடியாது. புது டிஸ்க் இரண்டு ஆர்டர் போட்டாயிற்று. வந்ததும் அண்ணாச்சியிடம் மாட்டிவிட்டு, ஒருமுறை செட்டிப்பாளையத்தில் பதிய வைத்த பிறகுதான் சென்னைத் தேதிக்குப் பணம் கட்டுவேன்.