நிர்த்தல்லே என்றால் நிறுத்தாதே

அம்மாவுக்கு இளைப்பு வந்து எட்டு வருஷம் ஆகிறது. எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில். சோதனைச் சாவடி தாண்டினால் தமிழ்நாடு. மழை பிடித்தால் வீசிங், உடனே எல்லை தாண்டி ஒரு கிளினிக், ஓர் ஊசி, ஐந்து நாளைக்கு வெள்ளை மாத்திரை. மூன்றாம் நாளே அம்மா எழுந்து வாசல் கூட்டுவார். சீட்டில் ஆஸ்துமா என்று எழுதியிருந்தது, நாங்களும் அப்படியே நம்பினோம். ஊதிப் பார்க்கிற பரிசோதனை ஒன்று இருப்பதாக அங்கே யாரும் சொன்னதில்லை. அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு என்பது சர்க்கரை ஏறிய பிறகுதான் தெரிந்தது.

போன வருஷம் ஆடியில் கட்டிலில் படுக்கவே முடியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். பாலக்காட்டில் ஒரு நெஞ்சு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மலையாளி, ஆனால் நன்றாகத் தமிழ் பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல என்ன அடுப்பு?" அம்மா இருபது வருஷத்துக்கு மேல் களத்தில் நெல் அவித்தவர். உமி, சிரட்டை, தென்னை மட்டை, கையில் கிடைத்தது எல்லாம் அடுப்புக்குள் போகும். பீடியைத் தொட்டதில்லை. டாக்டர் தலையாட்டினார். நம் நாட்டில் புகைபிடிக்காத பெண்களுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நிலையாக அடைபட்டுப்போகிற நோய், வருவதற்கு அடுப்புப் புகை ஒரு பெரிய காரணம் என்றார். சரி, உறுதிப்படுத்த ஸ்பைரோமெட்ரி என்கிற அந்த ஊதிப் பார்க்கிற பரிசோதனை எடுக்க வேண்டும்.

அந்த அறையில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூக்குக்குத் துணி மாட்டுகிற கிளிப் மாதிரி ஒன்று. வாயில் அட்டைக் குழாய். அம்மாவுக்கு முன்பல் இரண்டு இல்லை, வெற்றிலை வேறு. அட்டை சிவந்து, உதட்டோரம் காற்று கசிந்தது. முழு மூச்சை உள்ளே இழுத்து, ஒரே வேகத்தில் வெளியே தள்ளி, ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டும். டெக்னீஷியன் பெண் பக்கத்தில் நின்று உற்சாகமாகக் கத்தினார்: "ஊதிக்கோ, ஊதிக்கோ, நிர்த்தல்லே, நிர்த்தல்லே!" அம்மா சட்டென்று நிறுத்திவிட்டார். மறுபடி. மறுபடியும் நிறுத்தினார். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. நிர்த்தல்லே என்றால் மலையாளத்தில் நிறுத்தாதே. அம்மா காதில் அது "நிறுத்து" என்றுதான் விழுந்திருக்கிறது. நாற்பது வருஷமாகக் கேரளத்தில் இருக்கிறார், ஆனால் களத்தில் எல்லோரும் தமிழ்தானே.

"அம்மா, ஈர மட்டைக்கு ஊதாங்குழல்ல ஊதுவியே, அப்படி ஊது" என்றேன். அவ்வளவுதான். நான்காவது தடவை ஊதியதில் திரையில் கோடு முழுசாக வந்தது. டெக்னீஷியனே கைதட்டினார்.

அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பூட்டமால் நான்கு பஃப் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, திரும்ப ஊதச் சொன்னார்கள். மருந்துக்குப் பிறகும் முதல் விநாடியில் வந்த காற்று 0.90 லிட்டர், மொத்தம் 1.55. வகுத்தால் 0.58. 0.70-க்குக் கீழே நின்றால் மூச்சுக்குழாய் அடைப்பு நிலையாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் விநாடிக் காற்று வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 52 சதவீதம். எட்டு வருஷத்துச் சீட்டில் இல்லாத விஷயம் அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. டுபிலுமாப் என்கிற ஊசிக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் சிஓபிடிக்கு அனுமதி கிடைத்திருந்ததை போனில் படித்திருந்தேன். இரண்டு பெரிய ஆய்வுகளில் நோய் திடீரென்று கூடிப்போகிற தடவைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாம். நிலத்தை அடகு வைத்தாவது போட்டுவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனேன். டாக்டர் ரத்தத்தில் ஈசினோஃபில் என்கிற ஒரு வகை வெள்ளணு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். 40 வந்தது. "ஸ்டீராய்டு மாத்திரை அதைக் கீழே இறக்கிவிடும். மாத்திரை நின்று சில வாரம் ஆகட்டும், திரும்ப எடுப்போம்" என்றார். இரண்டாம் தடவை 90. அந்த ஆய்வுகளில் சேர்த்ததே 300 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களை, அதுவும் மூன்று மருந்து சேர்ந்த இன்ஹேலர் எடுத்தும் அடங்காதவர்களை. அம்மா அந்தப் பக்கமே வரமாட்டார். 100-க்குக் கீழே என்றால் இன்ஹேலர் ஸ்டீராய்டாலும் பெரிய பலன் கிடையாது, நிமோனியா அபாயம்தான் கூடும் என்று, அதுவரை இருந்த அதையும் நிறுத்திவிட்டு மூச்சுக்குழாயை விரிக்கிற இரண்டு மருந்து மட்டும் எழுதினார். புது மருந்து கேட்டுப் போனவனுக்கு, இருந்த மருந்தில் ஒன்று குறைந்தது.

ஆக்சிஜன் இயந்திரமும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கச் சொல்லி நச்சரித்தார். அம்மாவுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 93 சதவீதம் இருந்தது. 88 அல்லது அதற்குக் கீழே தங்கிவிடுகிறவர்களுக்குத்தான் தினம் 15 மணி நேரம் வைத்தால் ஆயுள் கூடும், கொஞ்சமாகக் குறைந்தவர்களுக்கு வைத்துப் பார்த்ததில் வித்தியாசமே இல்லை என்று 2016-இல் வந்த ஆய்வைச் சொல்லி டாக்டர் மறுத்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. எழுதிக் கொடுத்தது கேப்ஸ்யூல், கருவியில் போட்டு உடைத்து இழுக்க வேண்டியது. ஐந்தாம் நாள் அட்டையில் கேப்ஸ்யூல் குறைகிறது, கருவி மட்டும் புதுசு போல மினுங்குகிறது. "தண்ணி ஊத்தி முழுங்கிட்டேன் கண்ணு, மாத்திரைதானே" என்றார் அம்மா. பயந்துபோய் போன் போட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, இப்படி முழுங்குகிறவர்கள் நிறையப் பேர், ஒன்றும் ஆகாது என்று சொல்லி, ஸ்பேசர் என்கிற குடுவை மாட்டி இழுக்கிற பஃப்புக்கு மாற்றினார். இப்போது ஒவ்வொரு தடவை போகும்போதும் அம்மா நர்ஸ் முன்னால் எடுத்துக்காட்ட வேண்டும். தப்பாக எடுத்தால் திட்டு எனக்குத்தான்.

பிசியோ அறை நடைவழியில் ஆறு நிமிஷ நடை. முதல் தடவை 265 மீட்டர், இடையில் இரண்டு முறை நின்றார். தினம் காலையில் ரோட்டோரம் நடந்து, வாயைக் குவித்து மெல்ல மூச்சை விடப் பழகி, இரண்டு மாசம் கழித்து 310, நிற்காமல்.

வெந்நீர் அடுப்பு மட்டும் கொல்லையில் இன்னும் எரிகிறது. ஹீட்டர் வாங்கி மாட்டியாயிற்று. "அந்தத் தண்ணியில குளிச்சா குளிச்ச மாதிரியே இல்ல" என்கிறார். ஊதாங்குழலை நான்தான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். நேற்று பார்த்தால் பிளாஸ்டிக் பைப் துண்டு ஒன்று அடுப்போரம் கிடக்கிறது.