கேத்தரின் ஆணாகப் பிறந்திருந்தால்

ஷேக்ஸ்பியரின் ‘தி டேமிங் ஆஃப் த ஷ்ரூ’ (அடங்காப்பிடாரியை அடக்குதல்) நாடகத்தைக் கல்லூரியில் படித்த நாளிலிருந்தே அதன் கடைசிக் காட்சி எனக்கு உறுத்தலாகவே இருந்து வருகிறது. கணவன் பெட்ருக்கியோவால் பட்டினி போட்டும் உறங்கவிடாமலும் அடக்கப்பட்ட நாயகி கேத்தரின், கணவனே தலைவன் என்று 44 வரிகளில் மற்றப் பெண்களுக்குப் போதிக்கிறாள். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா 1897ஆம் ஆண்டிலேயே அக்காட்சி அருவருப்பானது என்று எழுதிவிட்டார்.

ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2019இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் மேடையேற்றிய வடிவத்தின் ஒளிப்பதிவைச் சென்ற வாரம் பார்த்தேன். இயக்குநர் ஜஸ்டின் ஆடிபர்ட், 1590களின் இங்கிலாந்தைப் பெண்கள் ஆளும் உலகமாகக் கற்பனை செய்து, ஆண் பாத்திரங்களைப் பெண்களாகவும் பெண் பாத்திரங்களை ஆண்களாகவும் மாற்றியிருக்கிறார். பெட்ருக்கியோவின் பெண் வடிவமான பெட்ருக்கியாவாக கிளேர் பிரைஸ் வருகிறார். கேத்தரின் பெயர் மாறாமலே ஆணாகிவிட, அவ்வேடத்தில் ஜோசப் ஆர்க்லி நடிக்கிறார். சக்கரம் பூட்டியவர்போல் மேடையில் வழுக்கிச் செல்லும், கேத்தரினின் தம்பியை மணக்கத் துடிக்கும் வயதான கிரெமியாவாக சோஃபி ஸ்டாண்டன் மனம் நிறையச் சிரிக்க வைக்கிறார்.

இளைய பிள்ளையை யார் கூடுதல் சொத்து எழுதிவைக்கிறார்களோ அவர்களுக்கே தருவதாகப் பெற்றோர் பேரம் பேசும் காட்சியைப் பல முறை படித்திருந்தும், அது ஏலம்தான் என்பது, ஒரு தாய் தன் மகனை அவ்வாறு விலைபேசியபோதுதான் எனக்கு முழுமையாக உறைத்தது. கேத்தரினின் கோபமும் அப்படித்தான். நம் மொழியில் ‘அடங்காப்பிடாரி’ என்ற சொல்லுக்கு ஆண்பால் கிடையாது. அடங்காத ஆணை யாரும் குறையுள்ளவனாகக் கருதாததால் அப்படியொரு சொல் தேவைப்படவில்லை போலும். எனவே மேடையில் ஆர்க்லி சீறும்போது, அவருக்கு என்ன நேர்ந்தது என்றே மனம் கேட்கிறது. பெண் கேத்தரினைப் படித்தபோது அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இறுதியுரையில் இந்த உத்தி கைகொடுக்கவில்லை என்பதே என் எண்ணம். மணமான பெண்ணின் உடைமைகள் கணவனின் ஆளுகைக்குப் போய்விடும் என்ற அக்கால ஆங்கிலச் சட்டம்தான் அவ்வுரைக்கு முதுகெலும்பு. கற்பனை உலகில் அந்தச் சட்டம் இல்லாததால், ஆண் அதைப் பேசும்போது அது வெறும் பணிவாகச் சுருங்கிவிடுகிறது. மூலத்தில் அவ்வுரை எவ்வளவு பெரிய பொய் என்பதும் மறைந்துபோகிறது. கணவன் கடலிலும் நிலத்திலும் உழைத்து உன்னைக் காக்கிறான் என்கிறாள் கேத்தரின். பெட்ருக்கியோ அவளுடைய ஊரான பாதுவாவுக்கு வந்ததோ பணக்காரப் பெண்ணை மணப்பதற்காகவே. மணப்பேச்சில் வரதட்சணையாக அவன் பேசிக்கொள்வது 20,000 கிரௌன் நாணயங்கள். மனைவியின் கீழ்ப்படிதலைப் பந்தயம் வைத்து அவன் வென்றதும், மகள் மாறிவிட்டாள் என்று மகிழ்ந்து தந்தை இன்னும் 20,000 கிரௌன் தருவதாகச் சொல்கிறார். அந்தத் தொகை அறிவிக்கப்பட்ட பின்புதான் அவளுடைய உரை தொடங்குகிறது. அந்த வரிசையைப் பார்வையாளர் தவறவிடாதபடி ஒரு நடிகை அந்த 44 வரிகளையும் பேசுவதைக் காண வேண்டும் என்று விரும்புகிறேன்.