சனிக்கிழமை கவர்

எங்க லைன் வீட்ல பக்கத்து அக்கா செக்கிங் வேலைக்கு, அதாவது தச்ச துணில குறை இருக்கான்னு பாக்கற வேலைக்கு போறாங்க, நான் வேற ஒரு கம்பெனில மெர்ச்சண்டைசர், ஆர்டர் வேலைய பாத்துக்கறவன். திருப்பூர்ல ரெண்டு பேருக்கும் சோறு போடறது ஒரே பனியன் தான். ஆனா எனக்கு மாச சம்பளம் பேங்க்ல விழுந்துடும், அக்காவுக்கு சனிக்கிழமை ராத்திரி கவர்ல வாரக் கூலி.

2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா இந்திய சரக்குக்கு வரிய 50 சதவீதம் ஆக்குச்சே, அப்ப எங்க கம்பெனிலயும் ஆர்டர் ஹோல்ட், அக்கா கம்பெனிலயும் ஹோல்ட். எனக்கு நடந்தது என்னன்னா இன்க்ரிமென்ட் இல்லன்னு ஒரு மெயில், அவ்ளோ தான். அதுக்கே ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சிட்டு சுத்துனேன். அக்காவுக்கு நாளைக்கு ஒன்றரை ஷிப்ட் நின்னுபோய் ஒரு ஷிப்ட் ஆச்சு, அப்புறம் ஆறு நாள் நாலு நாள் ஆச்சு. கணக்குக்கு ஷிப்டுக்கு 400 ரூபாய்னு வைங்க, வாரம் ஒம்பது ஷிப்ட்னா 3600, நாலு ஷிப்ட்னா 1600. யாரையும் வேலைய விட்டு தூக்கலங்க, கணக்குப்படி அக்கா இன்னும் "வேலையில" தான் இருந்தாங்க! வாடகையும் குழு லோன் தவணையும் மட்டும் அப்படியே.

இது புதுசு இல்ல. 2011 ஜனவரில ஐகோர்ட் சாயப்பட்டறைங்கள மூட சொன்னப்ப பாத்தோம், 2016 நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னப்பவும் பாத்தோம். அப்ப அக்கா கவர்ல வந்தது எல்லாமே பழைய 500 நோட்டு, அதை மாத்த ஒரு நாள் லீவு போட்டு க்யூல நின்னா அந்த நாள் ஷிப்டும் போச்சு.

2020 லாக்டவுன்ல தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. பிஎப்ல இருந்து அட்வான்ஸ் எடுக்கலாம்னாங்க, மூணு மாச அடிப்படை சம்பளமும் பஞ்சப்படியும், இல்லன்னா இருப்புல 75 சதவீதம், எது கம்மியோ அது. நான் போன்லயே அப்ளை பண்ணி எடுத்துட்டேன். அக்காவுக்கு அப்ப பிஎப் நம்பரே கிடையாது, காண்ட்ராக்டர் நோட்ல பேர் மட்டும் தான். சம்பளம் பிடிக்காம குடுக்கணும்னு மார்ச் 29ல மத்திய அரசு போட்ட உத்தரவு மே மாசமே வாபஸ், அது இருந்தப்பவும் ரிஜிஸ்டர்ல இல்லாத ஆளு யார்கிட்ட போய் கேக்கறது? பீகார், ஒடிசா பசங்க நிலைமை இன்னும் மோசம், அவங்களுக்கு அப்ப இங்க ரேஷன் கார்டும் இல்ல. நிவாரணம்னு எது வந்தாலும் அது ஏற்கனவே கொஞ்சம் பாதுகாப்பா இருந்தவன தேடி தான் வந்துச்சு, என்னையும் சேத்து தான் சொல்றேன்.

இன்னொரு கொடுமை, கஷ்ட காலத்துல மாத்தறது நல்ல காலத்துல திரும்ப மாறாது. லாக்டவுனுக்கு அப்புறம் எங்க கம்பெனில ஷிப்ட் டெய்லருங்கள பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைக்கற பீஸுக்கு இவ்ளோங்கற கூலிக்கு மாத்துனாங்க, "ஆர்டர் வரட்டும், பழையபடி ஆக்கிடலாம்"னு சொன்னாங்க. ஆர்டர் வந்துச்சு. ஆக்கலயே.

அக்கா இப்ப இருக்கற கம்பெனில பிஎப், இஎஸ்ஐ ரெண்டும் உண்டு, அதுக்காகவே 20 ரூபாய் கம்மினாலும் பரவாயில்லன்னு சேந்தாங்க. போன வாரம் கூப்பிட்டு, செக்கிங் முழுசா காண்ட்ராக்ட்ல விடறோம், அதே டேபிள் அதே வேலை தான், கையெழுத்து மட்டும் போடுங்கன்னு சொல்லிருக்காங்க. என்கிட்ட பேப்பர கொண்டுவந்து காட்டுனாங்க. படிச்சு சொன்னேன். மடிச்சு கவருக்குள்ள வச்சுட்டு, "திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க கண்ணு"ன்னாங்க.