ஆன்ட்வெர்ப்: எபிரேய பைபிளின் வரவு செலவு

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் உள்ள பிளாண்டின்-மோரிட்டஸ் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பலர், உலகின் மிகப் பழைய இரண்டு அச்சு எந்திரங்களைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது எந்திரங்கள் அல்ல, பதினாறாம் நூற்றாண்டு அச்சாளர் பிளாண்டின் தொடங்கிய அச்சு நிறுவனத்தின் ஆவணங்கள். அச்சுத் தொழிலில் அக்கறை உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டியது கணக்குப் புத்தகங்களைத்தான்.

குருன்பிளாட்ஸில் டிராமை விட்டு இறங்கினால், அருங்காட்சியகம் இருக்கும் வெள்ளிக்கிழமைச் சந்தைச் சதுக்கம் ஐந்து நிமிட நடை. திங்கள் விடுமுறை. நுழைவுச்சீட்டு காட்சியறைகளுக்கு மட்டும்தான். கணக்கேடுகளைப் புரட்ட வாசகசாலைக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய காலம் 1563 முதல் 1567 வரை. 1562-இல் பிளாண்டினின் உடைமைகள் ஏலம் போயின. மறுவருடம் கூட்டு வியாபாரமாகத் தொழிலை மீட்டார். கூட்டாளிகளில் ஒருவர் கார்னெலிஸ் வான் பாம்பெர்கன். யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதை வெனிஸில் அச்சிட்ட டேனியல் பாம்பெர்க்கின் உறவினர். எபிரேய அச்செழுத்துகள் கார்னெலிஸ் வழியாகத்தான் வந்தன. கணக்கு, ஒவ்வொரு தொகையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் ஏறும் இத்தாலிய இரட்டைப் பதிவு முறையில் இருக்கிறது. 1566-இல் வெளிவந்த எபிரேய பைபிளின் செலவு இந்த ஏடுகளுக்குள்தான் வருகிறது.

இதில் வியக்க வைப்பது, அச்சில் இருக்கும் ஒவ்வொரு நூலுக்கும் பேரேட்டில் தனிக் கணக்கு இருப்பது. காகிதமும் கூலியும் அந்த நூலின் பற்றில் ஏறும். அச்சு முடிந்ததும் மொத்தத் தொகையும் கையிருப்புக் கணக்குக்கு மாறும். ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவைத் தனியே கணக்கிடும் அடக்கவிலைக் கணக்கியலின் ஆரம்ப உதாரணமாக இதை ஆய்வாளர்கள் காட்டுவதில் மிகையில்லை.

படிக்கும்போது காகிதத்திலிருந்து தொடங்குவது நல்லது. பெரும் பணம் விழுங்கியது அதுதான். 500 தாள் ஒரு ரீம். பிரதிக்கு 30 தாள், 1,000 பிரதி என்றால் 60 ரீம். கணக்கில் அதற்கு மேல் நின்றால், கெட்டுப்போன தாள்களைச் சேர்த்திருப்பார்கள், அல்லது பிரதிகள் நீங்கள் நினைத்ததைவிட அதிகம். தொகைகளைக் கூட்டும்போது அக்கால நாணயக் கணக்கில் 20 ஸ்டைவர் ஒரு கில்டர் என்பதை மறக்கக் கூடாது. பத்தால் பெருக்கிப் பழகிய கை இங்கே தவறும். பைபிள், ஒரு தாளை மடித்து நான்கு ஏடு, எட்டு ஏடு, பதினாறு ஏடு ஆக்கும் வெவ்வேறு அளவுகளில் வந்தது. பதிவில் அளவைப் பார்க்காமல் கூட்டினால் கணக்கு கந்தலாகும்.

கூலிப் பதிவேடுகள் வேறு. அச்சுக் கோப்பவர் எந்தப் பாரத்தை (தாளின் ஒரு பக்கத்தில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) முடித்தார் என்று அவற்றில் தேடலாம். எபிரேயக் கோப்பு மெதுவான வேலை: உயிர்க்குறிகள் எழுத்தின் அடியிலும் மேலிலும் அமர வேண்டும், வரி முடிவில் சொல்லை உடைப்பதில்லை என்பதால், இடத்தை நிரப்ப சில எழுத்துகளை அகல வடிவில் வார்த்து வைத்திருப்பார்கள். புத்தகம் வலமிருந்து இடமாகத் திறப்பதால், பாரத்தில் பக்கங்களை வைக்கும் வரிசையும் லத்தீன் நூலுக்கு நேர்மாறு. பழகாத கை இங்கே தவறினால் தாளின் இரு பக்கமும் வீண்.



தேதியில் ஒரு கண்ணி உண்டு. ஆன்ட்வெர்ப் அடங்கிய அக்கால பிரபாண்ட் பகுதியில் சட்டப்படி ஆண்டு ஈஸ்டரில்தான் தொடங்கியது. ஜனவரி முதல் ஈஸ்டர் வரையிலான பதிவு எதைப் பார்த்தாலும், எழுதியவர் எந்த ஆண்டுக் கணக்கில் எழுதினார் என்பதை முன்பின் பதிவுகளோடு ஒப்பிட்டுத் தீர்மானித்த பிறகே குறிப்பெடுங்கள்.