டேட்டா சோர்ஸ்: யூஆர்எல் கொடுத்ததோடு முடிவதில்லை

டேட்டா சோர்ஸில் (அப்ளிகேஷனுக்கு டேட்டாபேஸ் கனெக்‌ஷனைத் தரும் பகுதி) யூஆர்எல், யூசர்நேம், பாஸ்வேர்டு மூன்றும் சரியாக இருந்தால் ஜாவா அப்ளிகேஷன் டேட்டாபேஸோடு பேசத் தொடங்கிவிடும். லோடு ஏறும்போது சிக்கல் கிளம்புவது, கண்டுகொள்ளாமல் விட்ட பூல் (திறந்த கனெக்‌ஷன்களைச் சேர்த்துவைத்து மாற்றிமாற்றித் தரும் தொகுப்பு) அமைப்புகளில்தான்.

ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டில் 2.0 முதல் ஹிகாரி என்ற லைப்ரரிதான் டீஃபால்ட் பூல். அதன் உச்ச அளவு 10. ‘கனெக்‌ஷன் இல்லை, 30000 மில்லி செகண்டில் டைம் அவுட்’ என்ற பிழை வந்ததும் அதை 50 ஆக்குவதுதான் பலர் முதலில் செய்வது. அவசரப்பட வேண்டாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் டீஃபால்ட்டாக 100 கனெக்‌ஷன்தான் தரும், அதிலும் 3 சூப்பர்யூசருக்கு. பூல் அளவு 20 வைத்து அப்ளிகேஷனின் 5 இன்ஸ்டன்ஸ் (பிரதிகள்) ஓட்டினாலே இடம் போதாது. புது வெர்ஷனை ஏற்றும்போது பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓடும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உண்மையான காரணம் வேறு: பெரும்பாலும் கனெக்‌ஷனை வாங்கிய கோடு திருப்பித் தராமல் வைத்திருக்கும். லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டு (இத்தனை நேரம் திரும்பி வராத கனெக்‌ஷனைக் காட்டிக்கொடுக்கும் ஹிகாரி அமைப்பு) டீஃபால்ட்டாக 0, அதாவது அணைந்திருக்கும். அதை 20000 மில்லி செகண்டாக வைத்துப் பாருங்கள்: கனெக்‌ஷனை எந்த வரியில் எடுத்தார்கள் என்ற ஸ்டேக் ட்ரேஸ் லாகில் வரும். குளோஸ் செய்ய மறந்த இடம் என்றால் வேலை முடிந்ததும் தானாகக் குளோஸ் செய்யும் ஜாவாவின் ட்ரை-வித்-ரிசோர்சஸ் போதும். டிரான்ஸாக்‌ஷனுக்குள் வெளி ஏபிஐயைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் மோசம். அந்தப் பதில் வரும்வரை ஒரு கனெக்‌ஷன் சும்மா முடங்கிக் கிடக்கும். அந்த அழைப்பை டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே எடுங்கள்.

அடுத்தது மேக்ஸ் லைஃப்டைம், அதாவது பூலில் ஒரு கனெக்‌ஷன் அதிகபட்சம் இருக்கும் நேரம். டீஃபால்ட் 30 நிமிடம். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் வெயிட் டைம் அவுட் (சும்மா இருக்கும் கனெக்‌ஷனை அறுக்கும் நேரம்) 28800 செகண்ட், எட்டு மணி நேரம் என்பதால் அப்படியே விட்டாலும் இடிக்காது. ஆனால் யாராவது அதை 600 செகண்டாகக் குறைத்திருந்தால் டேட்டாபேஸ் முந்திக்கொண்டு அறுத்துவிடும்; பூலில் செத்த கனெக்‌ஷன்கள் மிஞ்சும். ‘இன்னும் சிறிய மேக்ஸ் லைஃப்டைம் வையுங்கள்’ என்று ஹிகாரியே லாகில் எச்சரிக்கும். அப்போது 570000 வையுங்கள். கவனம், டேட்டாபேஸ் பக்கம் செகண்ட், ஹிகாரி பக்கம் மில்லி செகண்ட்.

சாக்கெட் டைம் அவுட்டிலும் (டேட்டாபேஸின் பதிலுக்கு டிரைவர் காத்திருக்கும் உச்ச நேரம்) இதே பொறி உண்டு. போஸ்ட்கிரஸ் டிரைவர் செகண்டில் வாங்கும், மைஎஸ்க்யூஎல் டிரைவர் மில்லி செகண்டில். இரண்டிலும் டீஃபால்ட் 0, அதாவது வரம்பே இல்லை. நெட்வொர்க் பாதியில் அறுந்தால் த்ரெட் வெகுநேரம் தொங்கும். உங்கள் மிக நீளமான க்வெரியைவிடச் சற்று அதிகமாக வையுங்கள்.

இரண்டு டேட்டா சோர்ஸை நீங்களே பீனாக (ஸ்பிரிங் நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்) எழுதி, அமைப்புகளை நேரடியாக ஹிகாரியோடு பைண்டு செய்தால் ‘யூஆர்எல்’ என்ற சாவி எடுபடாது. ‘ஜேடிபிசி-யூஆர்எல்’ என்று எழுத வேண்டும். டாம்கேட் சர்வரின் ஜேஎன்டிஐ (சர்வரில் பதிந்த டேட்டா சோர்ஸைப் பெயரால் எடுக்கும் முறை) வழியாகப் போகிறவர்கள் டிரைவர் ஜாரை டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் வையுங்கள், அப்ளிகேஷனின் வார் ஃபைலுக்குள் மட்டும் இருந்தால் பூலுக்குத் தெரியாது. டாம்கேட் 8 முதல், பூலின் உச்ச அளவைக் குறிக்கும் ‘மேக்ஸ் ஆக்டிவ்’ என்பது ‘மேக்ஸ் டோட்டல்’ ஆகிவிட்டது. பழைய பெயரே இருந்தால் லாகில் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும், நீங்கள் கொடுத்த எண் செல்லாது.